அப்பாவின் வலது கை

அக்டோபர் 11, 2024
பினாங்கு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சாப்பிடவில்லை.

அக்டோபர் 12
விடியற்காலை நாலு மணி. "பெரட்டு அடிச்சிட்டாங்களா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரட்டு என்றால் ரப்பர் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுப்பது. அந்தத் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆச்சு.

வலது கை போர்வை மேல் இடமிருந்து வலமாக, சாய்வாக இறங்குகிறது. முடிந்ததும் ஒரு சுண்டு. மறுபடியும் மேலிருந்து.

"வலிப்பா?" என்று மிஸ்ஸி (நர்ஸ்) பதறினாள். "இல்லம்மா, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுறாரு."

அக்டோபர் 14
மிஸ்ஸி கையுறையோடு ஊசி போட வந்தாள். அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "பால் வாசமே இல்லையே." கையுறை நைட்ரைல், செயற்கை ரப்பர். மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். லாரி, விமானம், பீரங்கி வண்டி என்று போருக்குச் சக்கரம் முளைத்த பிறகு ரப்பர் இல்லாமல் எந்தப் படையும் நகராது. 1942 தொடக்கத்தில் ஜப்பான்காரன் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தான், அடுத்து ஜாவாவும் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அங்கே பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டத்துக் குழாய் எல்லாவற்றையும் வீடு வீடாக வாங்கினார்கள். பெட்ரோலுக்குப் பங்கீடு வைத்ததே முக்கியமாக டயர் தேயாமல் இருக்கத்தான். அப்புறம் பெட்ரோலியத்திலும் சாராயத்திலும் லட்சக்கணக்கான டன் ரப்பரைச் செய்தே காட்டினார்கள்.

இங்கே மலாயாவில்? பிடித்தவனுக்கு அவ்வளவு பாலும் தேவைப்படவில்லை, ஏற்றிப்போகக் கப்பலும் போதவில்லை. பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்து கிடந்தது. பால் வெட்டியவன் வேலையில்லாமல் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் உட்கார்ந்திருந்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

அக்டோபர் 15
மரவள்ளிக்கிழங்கு கேட்கிறார். ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு அதைத் தொடவே மாட்டேன் என்றிருந்த மனுஷன்!

அக்டோபர் 17
அப்பாவின் ரத்தத்தில் சோடியம் இன்னும் ஏறவில்லை.

ஜப்பான்காரன் போட்ட சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில்பாதையின் இரண்டு முனைகளும் சேர்ந்தது 1943இல் இதே தேதியில். 415 கிலோமீட்டர். கடல்வழியில் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துவிடும் என்பதால், பர்மாவில் இருந்த படைக்குக் காட்டை வெட்டித் தண்டவாளம். யந்திரம் செய்ய வேண்டியதை மனித உடம்பு செய்தது. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், பெரும்பாலும் நம் ஆட்கள். காலரா, மலேரியா, பட்டினி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளில் வரிசையாகப் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு மொத்தமாக ஒரு தோராயக் கணக்குதான்.

தாத்தாவிடம் மூணு மாசம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. லாரி டயரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம், முகத்தைப் பார்க்கவில்லையாம். இதை இன்றைக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னை யாரென்று கேட்டார்.

அக்டோபர் 18
எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. கேன்டீன் கோப்பி கசக்கிறது.

அக்டோபர் 21
ரத்தம் எடுக்க ஒளிந்து வந்த டாக்டரைப் பார்த்து, "சரியான எம்டன்டா இவன்!" பழைய அப்பா. சிரித்துவிட்டேன்.

நிஜ எம்டன், ஜெர்மன் போர்க்கப்பல், இந்த பினாங்குக்கே வந்தது, 1914 அக்டோபர் 28 விடியலில். நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு வந்து, நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோவால் முடித்தது. ரஷ்யக் கப்பலின் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். அதற்கு முந்தின மாசம்தான் எம்டன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியிருந்தது. நமக்கோ அது திட்டுக்கும் பாராட்டுக்கும் ஒரு சொல்லாக மிஞ்சியது. செத்த மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது. அவர்களுக்கும் கல்.

அக்டோபர் 23
கை அசையவில்லை.

அக்டோபர் 24
ஸ்கேன் பதினோரு மணிக்கு. அண்ணன் சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்பிவிட்டான், பாலத்தில் நெரிசலாம். கிழங்கை உப்பு அதிகம் போடாமல் வேகவைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.