கண்ணகியின் மேனியில் புழுதி படிந்துவிட்டது

ஒருவழியாகப் புழுதி படிந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வைத்து நான் வரைந்துவரும் எண்ணெய் வண்ணப் படத்தில் கண்ணகியின் தோளும் முன்கையும் முகமும் இப்போது நான் நினைத்தபடி இருக்கின்றன. அரியணைப் பக்கம் இன்னும் பழுப்பு அம்பர் அண்டர்பெயிண்டிங்காகவே, அதாவது அடிப்பூச்சாகவே கிடக்கிறது, பாண்டியனுக்குக் கண் மூக்குகூட வரவில்லை. அது பரவாயில்லை. இந்தப் படத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது புழுதிதான். அது கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை எழுதுகிறேன்.

அந்தக் காதையின் கடைசி வெண்பாவை எல்லோரும் படித்திருப்போம். ‘மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்’ என்று நான்கே பொருள்களை அடுக்குகிறது. இவற்றைக் ‘கண்டளவே’ வையைக்கோன் தோற்றானாம். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்த பிறகு அல்ல, பார்த்த மாத்திரத்திலேயே! சிலம்பை ஓங்கிய கையோடு நிற்கும் கண்ணகியைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கணம். வாயில் கடந்து உள்ளே வந்திருக்கிறாள், அரசன் ஏறிட்டுப் பார்க்கிறான், இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்காகப் பேசுவது மேனியில் இருக்கும் பொடிதான், அதாவது புழுதி. நான்கு பொருள்களில் அதை முதலில் வைத்தவருக்கு ஓவியனின் கண் இருந்திருக்க வேண்டும்.

இதில் ரவிவர்மாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கூடத்தில் இருக்கும் சகுந்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் தர்ப்பை குத்தியதுபோல் நின்று திரும்பினாள் என்று காளிதாசனின் நாடகத்தில் துஷ்யந்தன் நண்பனிடம் சொல்லிப் பூரிக்கிறான். போகிற போக்கில் வரும் அந்த வரியை ஒரு முழுப் படமாக்கினார் அவர். கதையின் உச்சத்தைத் தேடிப் போகாமல், உடம்பு எதையாவது காட்டிக்கொடுக்கும் கணமாகப் பார்த்துப் பிடித்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூருக்கு வந்தபோது அவர் வரைவதை அருகில் இருந்து பார்த்துத்தான் ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டாராம். அதை நான் முழுசாக நம்புகிறேன். இந்த வேலையில் பாதி, சொல்லி வருவதில்லை.

சரி, புழுதிக்கு வருவோம்.

மேனியைக் கருநிறத்தில்தான் வைத்திருக்கிறேன். பர்ண்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ண்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), நிழலில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். மேனி நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் வெளிறிய வண்ணத்தை மெல்லிசாகத் தேய்க்க வேண்டும், அதாவது ஸ்கம்பிளிங். கேட்கச் சுலபம். ஆனால் கருமையான அடுக்கின்மேல் வெள்ளை கலந்த மெல்லிய படலத்தை ஏற்றினால் அது நீலம் பாய்ந்த சாம்பலாகத்தான் தெரியும். புகை இருண்ட பின்னணியில் நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். டைட்டானியம் ஒயிட்டில் ஓக்கர் சேர்த்துத் தேய்த்தால்கூடப் புழுதி வராது, திருநீறு பூசியதுபோல் இருக்கும். சிவனடியார் படமென்றால் அப்படியே விட்டுவிடலாம். கோவலனைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்தவள் மேல் அது ஒட்டாது.

அதனால் தட்டில் கலக்கும்போதே கண்ணுக்கு மிகையாகத் தெரிகிற அளவுக்கு நிறத்தைச் சூடான பக்கம், அதாவது மஞ்சள் சிவப்புப் பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது. இப்போது என் கலவையில் ஓக்கர்தான் பெரும்பங்கு. பர்ண்ட் சியன்னா தாராளமாக, வெள்ளை கால்பங்குக்கும் கீழே. தட்டில் பார்த்தால் செங்கல் பொடி மாதிரி இருக்கும். கறுத்த தோளின்மேல் தேய்த்ததும் அந்த நீலக் குளிர்ச்சி வந்து கலந்து, சரியான தெருப்புழுதி நிறத்துக்கு இறங்குகிறது.

இந்தக் கலவையில் வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் ஒரு சொட்டும் கிடையாது. கீழே எண்ணெய் கூடிய அடுக்கு இருக்கும்போது மேலே நீர்த்த வண்ணத்தை ஏற்றினால் பின்னால் வெடிக்கும் என்பது தெரிந்ததே. முதலில் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மேனி முழுக்கத் துடைத்து, மறுபடி காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். அம்பர் எண்ணெயைக் குடித்து மங்கிப்போன இடங்களெல்லாம் இதில் மீண்டும் ஆழம் பெற்றுவிடும். அப்புறம் தேய்ந்துபோன பழைய பன்றிமயிர்த் தூரிகை. வண்ணத்தைத் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். கேன்வாஸின் மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் கருமை அப்படியே நிற்கும். கடைசியாக விரல் நுனியால் தட்டினால் ஓரம் கரைந்துவிடும்.

புதுத் தூரிகை இதற்கு ஆகாது. சமீபத்தில் ஒரு கடையில் சுத்தப் பன்றிமயிர் என்று சொல்லிக் கொடுத்ததில் பாதி நைலான். அது வண்ணத்தைத் தேய்க்காமல் வழிக்கிறது. வாங்குபவர்கள் மயிரின் நுனியைப் பாருங்கள். உண்மையான பன்றிமயிர் நுனியில் பிளந்திருக்கும்.

எங்கே புழுதி வைப்பது என்பதைக் காப்பியமே சொல்லிவிட்டது. துன்பமாலை என்ற பகுதியில் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும் விழுகிறாள். அடுத்து வரும் ஊர்சூழ்வரியில் நிலத்தில் விழுந்து, வளைக்கையால் கணவனின் அடியைப் பற்றுகிறாள். ஆகவே முன்கையின் அடிப்புறம், முழங்கை, முழங்கால், ஒரு பக்கக் கன்னம். தோள்மேட்டில் தெருக்காற்றில் வந்து படிந்தது மட்டும், அதனால் அங்கே மெல்லிசு. என் கையிலேயே காய்ந்த மண்ணைத் தேய்த்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். முன்கையில் ரோமத்தின் அடியில் புள்ளிபுள்ளியாய் நிற்கிறது. முழங்கை மடிப்பில் வியர்வை பட்ட இடத்தில் வெளுப்பு போய்க் கரிய கோடாகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், புழுதி படிந்த தோலில் பளபளப்பே இல்லை. அதைக் கவனித்த பிறகு தோளில் ஆசை ஆசையாய் வைத்திருந்த வெளிச்சப் புள்ளிகளையெல்லாம் புழுதியால் மூடிவிட்டேன். கழுத்துக் குழியிலும் மேலுதட்டிலும் மட்டும் ஈர மினுமினுப்பை விட்டிருக்கிறேன். படத்தில் புழுதியை நம்ப வைப்பது அந்த இரண்டு இடங்கள்தான்.

கண்ணீரை நான் வரையவே இல்லை. கன்னத்துப் புழுதி ஈரமாக இருக்கும்போதே, மெல்லிய வட்டத் தூரிகையை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, கண்ணிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக வழித்தெடுத்தேன். அடியிலிருந்த கருமேனி வெளியே வந்தது. வழித்த புழுதி இருபுறமும் ஒதுங்கி மெல்லிய கரையாக நின்றுவிட்டது, நிஜக் கண்ணீர்த் தடத்தில் நிற்பதுபோலவே. வெள்ளையாகச் சொட்டு வைத்த கண்ணீர் எத்தனையோ படங்களில் உண்டு, எதுவும் இவ்வளவு தூரம் வராது என்று அடித்துச் சொல்வேன். ஒரே நிபந்தனை, அடியடுக்கு வாரக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் டர்பன்டைன் மேனியையும் சேர்த்து எடுத்துவிடும். அடைமழைக் காலத்தில் எண்ணெய் வண்ணம் காய்வது எவ்வளவு மெதுவென்று நம் ஊரில் வரைகிறவர்களுக்குத் தெரியும்.

கூந்தலைப் பற்றி ஒரு வரி. ஐவரி பிளாக் காயவே மாட்டேன் என்கிறது, அதனால் கறுப்புக்கு அல்ட்ராமரினும் அம்பரும் கலந்ததுதான். அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் சீக்கிரம் காய வைத்துவிடும்.

அடுத்தது சிலம்பு. ‘பொன்தொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள்’ என்று வாயிற்காவலன் சொல்வதால் பொன் வேலைப்பாடு தெரிந்தாக வேண்டும். தஞ்சாவூர்ப் பலகைப் படம் மாதிரி மக்குக் கட்டி, அதாவது பசைக் கலவையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த மக்குக்குப் பலகையின் விறைப்பு வேண்டும், கேன்வாஸ் அசைந்தால் விரிசல் விடும். எனவே ஓக்கரைத் தடிப்பாக ஏற்றி, காய்ந்ததும் அடிநிறம் தெரியும்படி சியன்னாவை மெல்லிய கிளேஸாக ஓட்டி, மேட்டை மட்டும் துடைத்துவிடப் போகிறேன். பரல் உள்ளே இருப்பதால் இந்தப் படத்தில் மாணிக்கத்துக்கு வேலையில்லை. ஆனால் சிலம்பு உடையும் கணத்தைத் தனியாக ஒரு சின்னப் பலகையில் செய்ய ஆசை வந்துவிட்டது. அங்கே மக்கும் கட்டலாம். மாணிக்கத்துக்கு வெள்ளை அடிமேல் குவினக்ரிடோன் சிவப்பு. அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், அதைத் தொடமாட்டேன்.

பலகைக்குச் சொல்லியாயிற்று. அது வந்தாலும் முதலில் பாண்டியன் முகம். பார்த்த மாத்திரத்தில் தோற்றவனின் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறேன்.