முடிச்சு கூடினால் குடிக்காது

பாலிமர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். அக்ரிலிக் அமிலத்தில் ஜெல் செய்து, உலர்த்திப் பொடித்து, டீத்தூள் பை மாதிரி ஒரு சின்னப் பையில் போட்டு ஊறவைத்து, எடை பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் அந்தப் பொடி தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு தண்ணீர் இழுக்கும். 0.9 சதவீத உப்புநீரில் 50 மடங்கைத் தொடுவதற்கே திணறும். எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் உண்மையான சிக்கல் உறுதியில் இருந்தது. கிராஸ்லிங்கர் என்ற வேதிப்பொருள்தான் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. "முடிச்சு கூடினால் குடிக்காது, குறைந்தால் நிற்காது" என்பார் சீனியர் அக்கா. அளவை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் செய்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது.

அப்புறம்தான் இரட்டை வலை ஜெல்லுக்குப் போனோம். 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் காங் குழுவினர் வெளியிட்ட முறை அது. முதலில் முடிச்சு நெருக்கமான, எளிதில் நொறுங்கும் ஒரு வலை. அதை அக்ரிலமைடு கரைசலில் ஊறவைத்து, முடிச்சு மிகக் குறைந்த இரண்டாவது வலையை அதற்குள்ளேயே வளர்க்க வேண்டும். இழுக்கும்போது முதல் வலை அங்கங்கே அறுந்து விசையை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வலை விடாமல் பிடித்துக்கொள்ளும். சுமார் 90 சதவீதம் தண்ணீராக இருந்தும் அவர்களுடைய ஜெல் 17.2 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை தாங்கியது.

படிக்கச் சுலபம். ஊறிப் பெருத்த முதல் ஜெல்லைக் கையில் எடுத்தால் தயிர்க்கட்டி மாதிரி உடையும். எத்தனை உடைத்திருப்பேன்! கடைசியில் ஒரு பிளாஸ்டிக் தாளை அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கப் பழகினேன்.

முதன்முதலில் சரியாக வந்த ஜெல்லின் மேல் கத்தியை வைத்து அழுத்தினேன். அமுங்கியது, வெட்டுப்படவில்லை. "அக்கா, நீங்களே அழுத்திப் பாருங்க" என்று கத்தியை நீட்டினேன். அவர் இரண்டு முறை அழுத்திவிட்டு ஜெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு குறை இருக்கிறது. அறுந்த முதல் வலை மறுபடி ஒட்டாது; இரண்டாம் முறை இழுத்தால் ஜெல் தளர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கால்சியத்தால் பிணைத்தால் அறுந்த பிணைப்பு ஓரளவு திரும்பச் சேரும். இப்போது என் மேசையில் ஊறிக்கொண்டிருப்பது அதுதான்.