சிங்கின் இன் த ரெயின்: கால் தெரியும்படி பார்ப்பது எப்படி

ஹாலிவுட் மியூசிக்கல் எதையும் பார்த்திராதவர் 1952இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ வெளியிட்ட 'சிங்கின் இன் த ரெயின்' படத்தில் தொடங்கலாம். 103 நிமிடம். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. ஆடுகிறவரை உச்சி முதல் பாதம் வரை காட்டி, அதிகம் வெட்டாமல் ஓடவிடும் படம் இது. டிவி செட்டிங்கில் கோளாறு இருந்தால் முதலில் அடிபடுவது கால்தான்.

ஓடவிடும் முன்

படத்தின் விகிதம் 1.37:1. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் படம் 73 செ.மீ. பிடிக்கும். இரு பக்கமும் 11 செ.மீ. கறுப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும். அதைப் போக்க ஜூம் போட்டால் உயரத்தில் 23 சதவீதம் வெட்டுப்பட்டு, மேலே தொப்பியும் கீழே ஷூவும் காணாமல் போகும். ஸ்ட்ரெச் போட்டால் எல்லோரும் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள்.

படம் விநாடிக்கு 24 ஃப்ரேம். இடையில் தானாக ஃப்ரேம் செருகும் வசதியை அணைத்துவிடுங்கள் (எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ). அது இருந்தால் சுழலும் காலைச் சுற்றிப் பிசிறு தட்டும், மழைக் காட்சி முழுக்கக் குழம்பும். விவிட் மோடும் வேண்டாம். டெக்னிகலர் என்ற அந்தக் கால வண்ணப்பட முறையில் நிறம் ஏற்கெனவே தூக்கலாகத்தான் இருக்கும். டைட்டிலில் முக்கிய நடிகர்கள் மூவரும் (ஜீன் கெல்லி, டொனால்ட் ஓ'கானர், டெபி ரெனால்ட்ஸ்) போட்டிருக்கும் மஞ்சள் மழைக்கோட்டைப் பாருங்கள்: துணியின் மடிப்பு தெரிந்தால் சரி, மஞ்சளை அப்பியதுபோல் இருந்தால் நிறத்தைக் குறைக்க வேண்டும். மூல நெகட்டிவ் 1978இல் தீயில் அழிந்துபோன படம் இது. ஆனாலும் 2022இல் வந்த 4கே வட்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

சப்டைட்டில் சரியாகப் பாதத்தின் மேல்தான் வந்து உட்காரும். வசனத்துக்கு வைத்துக்கொண்டு பாட்டுக்கு அணைத்துவிடலாம். 'மோசஸ் சப்போசஸ்' பாட்டு முழுக்க நாக்குப் புரட்டல்தான், அர்த்தம் தேடி எழுத்தைத் துரத்தினால் ஆட்டம் போய்விடும்.

ஒலி

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி 200 மில்லி விநாடி பிந்துவது சாதாரணம். அதாவது கிட்டத்தட்ட ஐந்து ஃப்ரேம். வசனத்தில் அவ்வளவாக உறுத்தாது. ஷூவின் அடித்தகட்டால் தரையைத் தட்டித் தாளம் போடும் டேப் நடனத்தில், கால் தரையைத் தொட்டு எழுந்த பிறகு 'டக்' கேட்கும். டிவியில் இருக்கும் ஒலி தாமத செட்டிங் பெரும்பாலும் ஒலியை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளும், இங்கே உதவாது. ஒயர் போட்டுவிடுவது உத்தமம். கணினியில் விஎல்சியில் பார்த்தால் ஜே விசையை ஒருமுறை அழுத்த ஒலி 50 மில்லி விநாடி முன்னால் வரும்.

சோதித்துப் பார்க்கத் தொடக்கத்திலேயே வரும் 'ஃபிட் ஆஸ் எ ஃபிடில்' பாட்டு சரியான இடம். நடுவில், கதைக்குள் எடுக்கும் பேசும் படத்தை ரசிகர்களுக்குப் போட்டுக்காட்டும் காட்சியை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். அங்கே வில்லன் குரல் நாயகிக்கும் நாயகி குரல் வில்லனுக்குமாக மாறுவது வேண்டுமென்றே வைத்த நகைச்சுவை. ஒலி ஏற்கெனவே பிந்திய வீட்டில் அந்த ஜோக் செத்துவிடும்.

முதல் முறை பார்க்கும்போது

கதை நடப்பது 1927இல், மௌனப் படம் பேசும் படமாக மாறிய நேரத்தில். அதற்குக் காரணம் பாட்டுகள். தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் தான் எழுதி நேசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைத்த பழைய பாட்டுகளைக் கொடுத்து, அவற்றைச் சுற்றிக் கதை பண்ணச் சொன்னார். படப்பெயரான பாட்டே 1929இல் வேறொரு படத்தில் வந்ததுதான். திரைக்கதை எழுதிய பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் பாட்டு பிறந்த காலத்துக்கே கதையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மழைப் பாட்டில் தண்ணீரோடு பால் கலந்தார்கள் என்பது கட்டுக்கதை. பின்னாலிருந்து அடித்த விளக்கு வெளிச்சத்தில்தான் மழைக்கம்பி அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. கெல்லிக்கு அப்போது நல்ல காய்ச்சல். குடையை மடக்கிய பிறகு அவர் கையைப் பார்க்க வேண்டாம், தேங்கிய தண்ணீரில் கால் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

அலுப்புத் தட்டும் இடம் கடைசிப் பகுதியில் வரும் 'பிராட்வே மெலடி'. கதை அப்படியே நின்று 13 நிமிடம் ஆட்டம் மட்டும். காபி குடிப்பதென்றால் அதற்கு முன்பே குடித்துவிடுங்கள், ஓட்டிவிட்டால் அதில் ஆடும் சிட் சாரிஸ் முழுதாகப் போய்விடுவார். அவருக்குப் படத்தில் வசனமே கிடையாது.

மறுமுறை

பின்னணிப் பாடகர் பெயர் டைட்டிலில் வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அடுத்தவர் குரலுக்கு வாயசைப்பது ஒரு ரகசியமா என்று தோன்றும். இந்தப் படத்தின் சண்டையே அதுதான். வேடிக்கை என்னவென்றால், கதையில் டெபி ரெனால்ட்ஸ், மௌனப் பட நட்சத்திரமாக வரும் ஜீன் ஹேகனுக்குக் குரல் கொடுக்கிறார். நிஜத்தில் அந்தப் பேச்சுக் குரல் ஹேகனுடையதே, 'வுட் யூ' பாட்டைப் பாடியது பெட்டி நாய்ஸ். ஹேகனின் கீச்சுக்குரலைக் கேட்டு நடிப்பு வராதவர் என்று நினைத்துவிடக் கூடாது, துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குத்தான் வந்தது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஓ'கானர் சுவரில் ஏறிக் கரணம் போடும் 'மேக் எம் லாஃப்' பாட்டையும், 1948இன் 'த பைரேட்' படத்துக்குக் கோல் போர்ட்டர் எழுதிய 'பி எ க்ளவுன்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டு மெட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு படத்துக்கும் தயாரிப்பாளர் ஃப்ரீட்தான்.