வரைபடத்தில் பச்சையாக இருந்த வீடு

புகார்த் தாளில் இருந்தது இரண்டே வரி. பகலில் டிவியில் படம் வருகிறது. பொழுது சாய்ந்தால் போய்விடுகிறது.

மலேசியாவின் வடகரையில் ஒரு செம்பனைத் தோட்டம், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நான்காவது வீடு. டிவி கோபுரங்களின் அலை எங்கெல்லாம் எட்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை, அதாவது படம் எடுக்கும் இடம். சுற்றிலும் பச்சைதான். அந்தப் பச்சையை நிரப்பிய கணக்கில் என் கையும் இருந்தது. படம் வராமல் போக ஒரு காரணமும் தெரியவில்லை.

2019இல் நடந்தது இது. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று லங்காவியில் முதலில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறியாயிற்று. அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு, டிஜிட்டல் அலையைப் பழைய டிவியில் காட்டும் டிகோடர் பெட்டி இலவசமாகப் போனது. ஆஸ்ட்ரோ என்ற கட்டண டிவிக்கு மாதாமாதம் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய விஷயமில்லை. கட்ட முடியாதவர்களுக்குத்தான் கூரை ஆண்டெனா. அவர்களுக்காகப் போட்ட கணக்கில் ஓட்டை விழுந்தால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வேலையில் எனக்கு எப்போதும் மனதை உறுத்துவது அதுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். எண்பதுகளில் எங்கள் தெருவில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பூஸ்டர் வைத்த ஆண்டெனா நிற்கும், எல்லாம் இலங்கை ரூபவாஹினிக்காக. அப்பா மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் படிக்கட்டில். அம்மா டிவி முன்னால். "வருதா?" "புள்ளியா இருக்கு." "இப்ப?" "ரெண்டு ரெண்டா தெரியுது." "இப்ப?" "அப்படியே வைங்க, கைய எடுக்காதீங்க!" கிரிக்கெட் முடியும் வரை அப்பாவால் கையை எடுக்க முடியாது.

ரூபவாஹினியின் முக்கியக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலை மேல் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் ரேடியோ அலைக்குத் தொடுவானம் 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடியோ 350 கிலோமீட்டர். படிப்பு முடித்து வேலைக்கு வந்த பிறகுதான், அப்பா கையில் பிடித்திருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. வெயில் தணிந்த மாலையில் கடலை ஒட்டி ஈரக்காற்று ஒரு படலமாகப் படியும். அதற்கு மேலே உலர்ந்த காற்று. அலை அந்த உலர்ந்த காற்றுக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, பூமியின் வளைவோடு வளைந்து வெகுதூரம் ஓடும். வானொலியில் மத்திய அலையின் கதை வேறு. அது உப்புநீரின் மேல் ஒட்டிக்கொண்டே போகும், நிலத்தில் ஆவது போல அதிகம் தேய்வதில்லை. இலங்கை வானொலி எங்கள் வீட்டில் உள்ளூர் நிலையம் மாதிரி கேட்டதும், தூத்துக்குடியிலிருந்து ஆகாசவாணி 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கைக்குப் போய்ச் சேருவதும் அதனால்தான்.

சரி, அந்தப் பச்சைக்கு வருகிறேன். திட்டமிடும்போது நாட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொரு அடிக்கும் அலையின் வலிமை ஏறி இறங்கும். ஒரு மரம், ஒரு தகரக் கூரை போதும். கட்டத்துக்குள் 70 சதவீத இடங்களில் எடுத்தால் பரவாயில்லை, 95 சதவீதத்தில் எடுத்தால் நல்லது என்பது வழக்கமான அளவு. 70ஐ 95 ஆக்க 6 டெசிபெல் வேண்டும், அதாவது ஆற்றல் நான்கு மடங்கு. மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார். வண்டியில் ஓடிக்கொண்டே கேட்கும் டிஜிட்டல் வானொலிக்கு 99 சதவீதம் பார்க்க வேண்டும், அது இன்னும் செலவு.

இவ்வளவும் ஆண்டெனா தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துப் போடும் கணக்கு. அதையே வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் உயரம் குறைந்ததற்கும் சுவருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 24 டெசிபெல் போய்விடும், அதாவது ஆற்றலில் 250இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தோட்டத்து லயத்தில் 10 மீட்டர் உயர வீடு எங்கே இருக்கிறது? குழாய் கட்டி ஏற்றினாலும் ஐந்து மீட்டர் தேறினால் பெரிது. இதை நாங்கள் அறிக்கையில் அடிக்குறிப்பாகத்தான் போட்டிருந்தோம். முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

மீட்டரையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு மதியம் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் ஒரு பாட்டி, பேத்தியோடு. "வாங்க தம்பி, இப்ப நல்லாத்தான் இருக்கு. நீங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருவீங்க. ராத்திரி தமிழ்ச் செய்தி நேரத்துல வந்து பாருங்க" என்றார். முன்பு வந்த ஆள் அப்படித்தான் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் இருந்து பார்க்கிறேன் என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு மீட்டரில் எல்லாம் சுத்தம். எந்த அலை எவ்வளவு தாமதமாக வருகிறது என்று காட்டும் எக்கோ திரையில் ஒற்றைக் கம்பு, 24 கிலோமீட்டரில் மலை மேல் இருக்கும் எங்கள் கோபுரம். ஆறரை மணிக்கு வலது ஓரத்தில் சின்னதாக இன்னொரு கம்பு முளைத்தது. ஏழு மணிக்கு அது முதல் கம்பின் பாதி உயரம். அப்புறம் படம் ஒருமுறை கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, கறுத்துப் போனது. பேத்தி என்னைப் பார்த்தாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கம்பு 280 மைக்ரோ நொடி தள்ளி நின்றது. ரேடியோ அலையும் ஒளியைப் போலவே ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் 84 கிலோமீட்டர் வித்தியாசம், அதாவது 108 கிலோமீட்டரில், கடல் தாண்டி நிற்கும் இன்னொரு கோபுரம். அதுவும் எங்களுடையதே.

விஷயம் இதுதான். பல கோபுரங்களை ஒரே அலைவரிசையில், ஜி.பி.எஸ். கடிகாரத்துக்கு ஒத்து, ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் அனுப்ப வைக்கலாம். எஸ்.எஃப்.என்., அதாவது ஒற்றை அலைவரிசை வலை என்போம். அலைவரிசை மிச்சமாகும், இரண்டு கோபுரத்தின் அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். ஆனால் பின்னால் வரும் அலை, கார்டு இன்டர்வல் என்ற இடைவெளிக்குள் வந்துவிட வேண்டும். நாங்கள் வைத்திருந்தது 224 மைக்ரோ நொடி, 67 கிலோமீட்டர். அதைத் தாண்டி வந்தால், கைகொடுக்க வேண்டிய அலையே காலை வாரிவிடும்.

இது தெரியாமலா திட்டம் போட்டோம்? தெரியும். பிழை வேறு இடத்தில் இருந்தது. நமக்கு வேண்டிய அலையைப் பாதி நேரம் கிடைக்கும் வலிமையை வைத்துக் கணிப்போம். தூரத்துக்கு ஏற்ப வலிமை குறைவதைக் காட்டும் 50 சதவீத வளைகோடு அது. இடைஞ்சல் செய்யும் அலையை 1 சதவீத நேரம் மட்டும் எட்டும் உச்ச வலிமையை வைத்துக் கணிப்போம், ஏனென்றால் கெடுப்பதற்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும். கடல் தாண்டியிருந்த கோபுரம் எங்கள் வலையைச் சேர்ந்தது என்பதால், மென்பொருளில் வேண்டிய அலைகளோடு சேர்ந்து 50 சதவீதக் கணக்கிலேயே நின்றுவிட்டது. அந்த அமைப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று ராத்திரி மடிக்கணினியில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, வெதுவெதுப்பான கடலுக்கான வளைகோட்டில் 1 சதவீதம் வைத்து ஓட்டினேன். கரையோரமாக ஒரு பட்டை முழுக்கச் சிவந்தது. பாட்டி வீடு அதன் நடுவில்.

தூத்துக்குடியில் எங்களுக்கு ரூபவாஹினியைக் கொண்டுவந்த அதே மாதிரி மாலைக்காற்று இங்கே தமிழ்ச் செய்தியைப் பறித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் புள்ளியாவது தெரிந்தது. புள்ளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து அப்பாவுக்குச் சொல்ல முடிந்தது. அலை தேயத் தேயப் படமும் தேயும், சத்தம் மட்டுமாவது கேட்கும். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. முழுதாக இருக்கும், அல்லது கறுப்பாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்று பாட்டிக்குச் சொல்ல அந்தத் திரையில் ஒரு தடயமும் கிடையாது. அந்தத் தடயத்தைப் பார்க்க 67 கிலோமீட்டர், 280 மைக்ரோ நொடி என்று பேசுகிற ஒரு ஆள் மீட்டரோடு வர வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஏணி போட்டு ஏறினேன். ஆண்டெனா கிட்டத்தட்டக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனலாக் காலத்தில் வைத்தது, யாரும் தொடவில்லை. மலைப்பக்கம் திருப்பி, துருப்பிடித்த கிளாம்பை மாற்றி இறுக்கினேன். கடல் பக்கத்து அலை பத்து டெசிபெல்லுக்கு மேல் அடங்கியது. அந்த வீட்டுக்கு அது போதும். லயத்தில் மற்ற வீடுகளுக்கும் அதையே செய்தேன், பேத்தி ஓடி ஓடி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைத்தாள். ஆனால் கரை முழுக்க ஏணியோடு நடக்க முடியாது. அதனால் பக்கத்து மலைக்கோபுரம் அனுப்பும் நேரத்தை 80 மைக்ரோ நொடி தாமதப்படுத்தலாம் என்று எழுதினேன். 280 என்பது 200 ஆகும், 224க்குள் வந்துவிடும். கோபுரத்தில் யாரும் ஏற வேண்டாம், டிலே என்ற கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

அந்த ஒரு எண்ணுக்கு அனுமதி வர மூன்று வாரம் ஆனது. மாற்றிய அன்று மாலை மறுபடி அதே வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு அந்தச் சின்னக் கம்பு முளைத்தது, வளர்ந்தது, 224 கோட்டுக்கு உள்ளேயே நின்றது. செய்தி முழுதாக ஓடியது. பாட்டி செய்தியைத்தான் பார்த்தார், நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகம் திரும்பிப் புதிய வரைபடத்தை ஓட்டியபோது கரைப் பட்டையில் சிவப்பு போயிருந்தது. தெற்கே, மலைக்கோபுரத்துக்கும் இன்னொரு கோபுரத்துக்கும் இடையில், முன்பு பச்சையாக இருந்த மூன்று கட்டங்கள் மஞ்சளாகியிருந்தன. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன். ஒரு மீனவக் கம்பம், அதாவது கிராமம், பத்துப் பன்னிரண்டு கூரை. இன்னும் புகார் எதுவும் வரவில்லை. திங்கள்கிழமைக்கு வண்டி கேட்டு எழுதிவிட்டு, ஏணியை மறுபடி கட்டி வைத்தேன்.