பத்தரை மணி வரை மூடியிருக்க வேண்டிய பக்கம்

லாஸ் ஏஞ்சலிஸில் காலை பத்து மணி என்றால் கோயம்புத்தூரில் இரவு பத்தரை. இது ஜூன் மாதக் கணக்கு. குளிர்காலத்தில் பதினொன்றரை ஆகிவிடும். 2020இல் கொரோனாவால் ஈ3 என்கிற வீடியோ கேம் கண்காட்சி ரத்தானபோதுதான் சம்மர் கேம் ஃபெஸ்ட், ஹோல்சம் டைரக்ட் போன்ற இணைய நிகழ்ச்சிகள் ஆரம்பித்தன. அப்புறம் ஜூன் வந்தாலே இண்டி கேம்களுக்கான, அதாவது சிறு குழுக்கள் சொந்தமாகச் செய்யும் கேம்களுக்கான நேரலைகள் வரிசை கட்டுகின்றன. அரங்கு வாடகை கிடையாது, ஸ்டால் கிடையாது. யூடியூபில் ஒரு மணி நேர வீடியோ, கூடவே ஒரு வலைதளம். அந்த வலைதளத்தைச் செய்து கொடுப்பதுதான் சில வருடங்களாக எனக்குச் சோறு போடுகிறது.

பார்த்தால் சுலபமான வேலை. ஐம்பது, அறுபது கேம்களின் பெயர், படம், ட்ரெய்லர், ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையின் லிங்க், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், அதில் பாதி கேம்கள் இருப்பதே நிகழ்ச்சி தொடங்கும் பத்தரை மணி வரை யாருக்கும் தெரியக் கூடாது.

முதல் வேலையிலேயே மாட்டிக்கொண்டேன். அறிவிக்காத கேம்களை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்துவிட்டு, நேரம் வந்ததும் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் திறக்கும்படி எழுதியிருந்தேன். திரையில் ‘விரைவில்’ என்று மட்டும் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பேஜ் சோர்ஸில், அதாவது பக்கத்தின் மூல நிரலில், மொத்தப் பட்டியலும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ஒருவர் அதைத் தோண்டியெடுத்து டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் போட்டுவிட்டார். நடத்தியவர்கள் திட்டியதுகூட மறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த இருவர் குழு ஒன்று, மூன்று வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தோம் என்று எழுதியது மறக்கவில்லை.

அன்றிலிருந்து, அறிவிக்காத எதுவும் நேரத்துக்கு முன்னால் சர்வரில் ஏறாது. பத்தரைக்குத்தான் பக்கத்தை உருவாக்கி ஏற்றுவேன். படக் கோப்புகளுக்கும் கேம் பெயர் வைப்பதில்லை, வெறும் எண்தான். கோப்புப் பெயரை ஊகித்துப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பொழுதுபோகாதவர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே அப்படிப் பார்த்தவன்தான்.

அடுத்த வருடம் வேறு தினுசு. எல்லாம் நேரத்துக்கு ஏறியது, பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் சிடிஎன் சர்வர்கள் மட்டும் பழைய பக்கத்தையே கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த நகலுக்கு, அதாவது கேஷுக்கு, ஆயுள் ஒரு மணி நேரம் என்று வைத்தவன் நான். நிகழ்ச்சியும் ஒரு மணி நேரம்! கை நடுங்க கேஷை அழித்தேன். இப்போது அறுபது விநாடிதான்.

பொதுவாக வலைதளம் கேட்டு வருபவர்கள், வந்த ஆளைக் கூடுதல் நேரம் இருக்க வை என்பார்கள். இங்கே நேர்மாறு. வந்தவர் ஒரு கேம் பிடித்துப்போய் சீக்கிரம் ஸ்டீமுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே விஷ்லிஸ்டில், அதாவது தன் விருப்பப் பட்டியலில், சேர்த்தால்தான் கேம் வெளியாகும் நாளில் அவருக்கு மின்னஞ்சல் போகும். விளம்பரத்துக்குக் காசில்லாத குழுவுக்கு அதுதான் பெரிய பிடிமானம். ஆகவே அறுபது யூடியூப் பிளேயர்களைத் திறந்து போனைத் திணறடிப்பதில்லை. ஒரு படம், தொட்டால்தான் பிளேயர் வரும். ஸ்டீம் பட்டன் ட்ரெய்லருக்கு மேலேயே இருக்கும். அப்படியும் இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்து வருபவர்கள் அந்த ஆப்பின் உள் பிரவுசரிலேயே ஸ்டீமைத் திறப்பார்கள். அதில் பெரும்பாலும் லாகின் ஆகியிருக்காது, பாஸ்வேர்டு தேடும் பொறுமை யாருக்கும் இல்லை. இதற்கு இன்னும் உருப்படியான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய பக்கங்களை எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். நான் வைத்திருக்கிறேன். போன மாதம் அந்த இருவர் குழு எழுதியிருந்தது. கேமின் பெயர் மாறிவிட்டதாம், முதல் வருடப் பக்கத்தில் திருத்த முடியுமா என்று. ஐந்து நிமிட வேலை, திருத்திவிட்டேன். பழக்கதோஷத்தில் பேஜ் சோர்ஸைத் திறந்து பார்த்தேன். படக் கோப்பில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருந்தது.