அக்கி வலிக்கு வலிப்பு மாத்திரை

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகும் வலி போகவில்லை. இடது விலாவில் சட்டை உரசினாலே தீப்பட்டதுபோல எரியும். வழக்கமான வலி மாத்திரை எதற்கும் அது அடங்கவில்லை. நரம்பு டாக்டர் கபாபென்டின் எழுதினார். "ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று மருந்துக்கடையில் கேட்டார்கள். வலிப்புக்காக வந்த மருந்துதான். அக்கியால் புண்பட்ட நரம்பு காரணமே இல்லாமல் வலியைக் கிளப்பிக்கொண்டிருக்கும், அதை இது தணிக்கிறது. அமெரிக்காவில் இந்த வலிக்கு 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

மருந்து எழுதும் முன்பே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். கபாபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மந்தமானால் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்களாம். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இரவில் 300 மி.கி.யில் தொடங்கி மெதுவாக மூன்று வேளைக்கு ஏற்றினார். ஆரம்பத்தில் காலையில் தலை சுற்றும், கால் தள்ளாடும். அது அடங்கும்வரை வண்டியைத் தொடவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் "கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். போட்டதும் கேட்கிற மருந்து இல்லை இது, தயவுசெய்து பொறுங்கள். இன்னொன்று, நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து குடித்தால் 2 மணி நேரம் கழித்துத்தான் இதைப் போட வேண்டும்.

நடுவில் முழங்கால் வலிக்கு வேறொரு டாக்டரிடம் போனேன். என்னென்ன மாத்திரை போடுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. "நரம்புக்குச் சத்து" என்று ஒரு அட்டை கொடுத்தார். திருப்பிப் படித்தால் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு பிரிகாபாலின் 75 மி.கி. இருந்தது! கபாபென்டினும் பிரிகாபாலினும் ஒரே குடும்பம். நம் ஊரில் இந்தக் கலவை சர்வசாதாரணம். வைட்டமின் என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கும் பெரியவர்களை நினைத்தால் பதறுகிறது. மயக்கம் கூடி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நரம்பு டாக்டருக்கு போன் செய்தேன், அந்த அட்டையைத் தொட வேண்டாம் என்றார். டிரமடால் என்ற கடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, மது எதுவும் கபாபென்டினோடு சேரக் கூடாது, மூச்சே மந்தமாகலாம் என்றும் எச்சரித்தார்.

எரிச்சல் அடங்கியதும் நானாக நிறுத்தவில்லை. சட்டென விட்டால் தூக்கம் கெட்டு, வியர்த்து, பதற்றம் வரலாம். வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பே திரும்பிவிடலாம். டாக்டர் ஒவ்வொரு வேளையாகக் குறைத்து வருகிறார். இப்போது இரவு மாத்திரை மட்டும் இருக்கிறது. அதை எப்போது விடுவது என்பதை அடுத்த முறை போகும்போது சொல்வார்.