வெள்ளீயம் நாயகனாகிறான்

மெட்டல் மென் குழுவை மறுபடி எழுப்பும் என் சித்திரக்கதையில் முதல் இதழுக்கு மை தீட்டத் தொடங்கிவிட்டேன். 1962-இல் அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான டிசியின் ‘ஷோகேஸ்’ 37-ஆம் இதழில் ராபர்ட் கனிகரும் ராஸ் ஆண்ட்ரூவும் அறிமுகப்படுத்திய குழு இது. டாக்டர் வில் மேக்னஸ் உருவாக்கிய ஆறு ரோபோக்கள்: பொன், இரும்பு, காரீயம், பாதரசம், பிளாட்டினம், வெள்ளீயம். இரும்புக்கை மாயாவியைக் கொண்டாடும் நம் வாசகர்களில் பலர் இவர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. உரிமை டிசியிடம் இருப்பதால் இதழ் விற்பனைக்கு அல்ல. சேலத்து நண்பர்கள் கைமாற்றிப் படிக்க மட்டும்.

பழைய குழுவைத் தூசு தட்ட உடையையும் ஆயுதத்தையும் மாற்றினால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உலோகத்தின் குணமே ஆளின் குணம் என்பதுதான் இந்தக் குழுவின் உயிர். பாதரசம் சிடுமூஞ்சி. இரும்பு பலசாலி. வெள்ளீயம் தன்னையே நம்பாதவன், ஆனாலும் ஆபத்தில் பின்வாங்காதவன். அவனைத்தான் நாயகனாக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஈயச் சொம்புதான் இதற்குக் காரணம். சொம்பு முழுக்க வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைக்காதே என்று அம்மாயி இன்றும் எச்சரிக்கிறார். இரும்பு உருகவோ 1,538 டிகிரி வேண்டும். இந்த இருவரையும் ஏற்காட்டு மழையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நனைந்து நனைந்து இரும்பு துருப்பிடிக்கிறான். வெள்ளீயம் உருகி அவன்மேல் பூச்சாகப் படர்கிறான். எஃகுத் தகட்டில் வெள்ளீயம் பூசித்தானே தகர டப்பா செய்கிறார்கள்! கதையின் முடிச்சும் அங்கேயே கிடைத்தது. துத்தநாகப் பூச்சு, கீறல் விழுந்தாலும் இரும்பைக் காக்கும். வெள்ளீயப் பூச்சில் கீறல் விழுந்தால், ஈரத்தில் அந்த இடம் வெற்று இரும்பைவிட வேகமாக அரிக்கும். காக்க வந்தவனே ஒரு கீறலில் நண்பனுக்கு எமனாகலாம். அது தெரிந்தேதான் அவன் படர்கிறான்.

அந்தக் கட்டத்தை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வைத்தேன். மூடுபனிக்கு மையே இல்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டேன். சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதியும் அவற்றில் ஏறும் மிளகுக்கொடியும் மட்டும் கறுப்பு. இரும்பின் தோளில் மெல்லிய நிப்பால் ஒரே ஒரு கோடு. அதுதான் கீறல். இதுவரை வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

நம்மூர் வெள்ளைக்கல்லில் இருக்கும் மெக்னீசியத்தை ஏழாவது ஆளாகச் சேர்க்கச் சொல்கிறார் நண்பர். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாத உலோகம், எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய அறுவரும் வாசகர் மனத்தில் பதியும்வரை புது ஆள் வேண்டாம்.

இரண்டாம் இதழ் பிளாட்டினத்துக்கு. மூலக்கதையில் அவள் மேக்னஸைக் காதலித்து ஏங்குபவள். பிளாட்டினமோ, தான் தேயாமலே வேதிவினையை வேகப்படுத்தும் கிரியா ஊக்கி. அந்தக் குணத்தை வைத்து அவளுக்கென்று தனிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காதல் காட்சி ஒன்றுகூட அதில் கிடையாது.